நெஞ்செரிச்சலும் நுண்துளைச் சிகிச்சையும்

நம் மைசூர் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 23 கிலோமீட்டர் தொலைவில், கபினி ஆற்றின் கரையில் அமைந்திருக்கிறது நஞ்சன்கூடு. அங்கே கோயில் கொண்டிருக்கும் ஸ்ரீகண்டேசுவரரைச் சென்று வணங்காத தமிழ்க் குடும்பம் இவ்வூரில் அரிது. பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த ஆலகாலத்தை இறைவன் எடுத்து உண்டான்; உமையம்மை அவன் கழுத்தைப் பற்ற, நஞ்சு கீழே இறங்காமல் கண்டத்திலேயே நின்றது என்பது புராணம். நோய் தீர்க்கும் தெய்வம் என்று இத்தலத்து இறைவனுக்குப் பெயர். கண்ணொளி இழந்த தம் யானை இங்கே குணமுற்றதைக் கண்ட திப்பு சுல்தான், "ஹக்கீம் நஞ்சுண்டன்" என்று இறைவனை அழைத்து மரகத லிங்கம் ஒன்றை அளித்தார் என்றும் சொல்வர்.

மேலிருந்து இறங்க முயன்ற நஞ்சு இறைவனுக்குத் தொண்டையில் நின்றது. மனிதராகிய நமக்கோ கீழே இருக்க வேண்டிய புளிப்பு நீர் மேலே ஏறி, நெஞ்சையும் தொண்டையையும் எரிக்கிறது. இந்த எரிச்சல் எதனால் உண்டாகிறது, மருந்தால் அது எவ்வளவு தீரும், வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளைகளின் வழியே செய்யும் அறுவைச் சிகிச்சை யாருக்குப் பயன்படும் என்பவற்றை நம் இல்லத்தார்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். யான் மருத்துவன் அல்லேன், ரயில்வேயில் குமாஸ்தா. ஆயினும் இந்நோயை அனுபவித்தவன் என்ற முறையிலும், என் தமக்கையாரின் கணவர் இச்சிகிச்சையை மேற்கொண்டபோது உடனிருந்தவன் என்ற முறையிலும், கேட்டும் படித்தும் அறிந்தவற்றை எழுதத் துணிகிறேன்.

காஸ்ட்ரிக் என்னும் ஒரே சொல்

கன்னட நாட்டுக்கு வந்து குடியேறிய நாம் விரைவில் கற்றுக்கொள்ளும் சொற்களுள் ஒன்று "காஸ்ட்ரிக்" என்பது. நெஞ்சு எரிந்தாலும் காஸ்ட்ரிக். வயிறு உப்பினாலும் காஸ்ட்ரிக். முதுகு பிடித்தாலும் காஸ்ட்ரிக். மருந்துக் கடைக்குச் சென்று இந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், ஒரு மாத்திரை கைக்கு வந்துவிடும். மறுநாளும் அவ்வாறே. இப்படியே ஆண்டுகள் பல கழிந்துவிடுகின்றன.

இச்சொல் பல நோய்களுக்கு ஒரே போர்வையாக அமைந்துவிட்டதுதான் தீமை. அப்போர்வைக்குள் இரைப்பைப் புண் இருக்கலாம், பித்தப்பைக் கல் இருக்கலாம், மாரடைப்பே ஒளிந்திருக்கலாம். எங்கள் தெருவில் வாழ்ந்த பெரியவர் ஒருவர், விடியற்காலையில் மார்பு இறுகி வியர்த்தபோது, "ஒன்றுமில்லை, காஸ்ட்ரிக்தான், சோடா வாங்கி வா" என்று மகனை அனுப்பினார். மகன் திரும்பி வந்தபோது பெரியவருக்கு நினைவில்லை. அன்றைய பகல் முடிவதற்குள் அவர் நம்மை விட்டுப் பிரிந்தார். சோடா வாங்கச் சென்ற அப்பிள்ளை இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி வருந்துகிறான். ஆகவே, பெயரை அறிவதற்கு முன் நோயை அறிய வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

வாயில் காக்கும் தசை

நாம் உண்ட உணவு, ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக் குழலின் வழியே இரைப்பையை அடைகிறது. குழல் முடியும் இடத்தில் வளையம் போன்ற தசை ஒன்று உண்டு. உணவு வரும்போது அது நெகிழ்ந்து வழி விடும். உணவு இறங்கியதும் இறுகி மூடிக்கொள்ளும். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் தசைகளும் அவ்விடத்தைச் சுற்றி நின்று அதற்குத் துணை புரிகின்றன. ரயில்வே வழக்கில் சொன்னால், இஃது ஒரு திசையில் மட்டும் வண்டி செல்ல வேண்டிய ஒற்றைப் பாதை. அந்தத் தசையே அதன் கேட்மேன்.

இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானது. இரைப்பையின் உட்சுவர்க்கு அதைத் தாங்கும் வழவழப்பான பூச்சு உண்டு. உணவுக் குழலுக்கோ அத்தகைய காப்பு இல்லை. வாயில் காக்கும் தசை தளர்ந்து அமிலம் அடிக்கடி மேலேறினால் குழல் புண்ணாகிறது. எதுக்களிப்பு, புளியேப்பம், இரவில் இருமல், குரல் கம்மல் ஆகியவை தொடர்கின்றன. சிலருக்கு உதரவிதானத்தில் உள்ள துவாரம் அகன்று, இரைப்பையின் மேற்பகுதியே மார்புக்குள் ஏறிவிடும். அப்போது தசைக்கு இருந்த துணையும் போய்விடுகிறது. நெடுநாள் எரிச்சலால் சிலருக்குக் குழலின் உட்தோல் தன் இயல்பு மாறுவதும் உண்டு. பாரெட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1950-ஆம் ஆண்டில் இம்மாற்றத்தைப் பற்றி எழுதியமையால் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அது சிறுபான்மையோரிடம் புற்றுநோயாக முற்றக்கூடும் என்பதால் கண்காணிக்க வேண்டியது அவசியம்.

மாத்திரையை விழுங்கும் முறை

இந்நோய்க்கு நல்ல மருந்துகள் உள்ளன. அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெட்டிடின் 1976-ஆம் ஆண்டிலும், அதனினும் வலிய ஒமிப்பிரசோல் 1988-ஆம் ஆண்டிலும் விற்பனைக்கு வந்தன. முன்னதன் ஆய்வுக்கு வழிகாட்டிய ஜேம்ஸ் பிளாக் அதே 1988-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். இன்று நம் கடைகளில் மிகுதியாக விற்கும் பான்டோபிரசோல் ஒமிப்பிரசோலின் இனத்தைச் சேர்ந்ததே.

இங்கே என் அறியாமையை ஒப்புக்கொள்ள வேண்டும். முறைப் பணியில் இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பி, புளிக்குழம்புச் சோற்றை வயிறாற உண்டு, உடனே படுத்துக்கொள்வது என் வழக்கம். நள்ளிரவில் நெஞ்சு எரியும். எழுந்து ஒரு மாத்திரையை விழுங்குவேன். ஆறு ஆண்டுகள் இவ்வாறு சென்றன. "மருந்தால் பயனில்லை, துளை போட்டுச் சரிசெய்து விடுங்கள்" என்று மருத்துவர் ஒருவரிடம் போய் நின்றேன். அவர் கேட்ட முதற்கேள்வி, "மாத்திரையை எப்போது உண்கிறீர்?" என்பதுதான்.

பிறகு அவர் விளக்கினார். இரைப்பைச் சுவரில் அமிலத்தை இறைக்கும் நுண்ணிய பம்புகள் உள்ளன. உணவு வரும்போதுதான் அவை விழித்து இயங்கத் தொடங்கும். இயங்கும் பம்பை மட்டுமே இம்மருந்து அடைக்கும். ஆதலால் உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்கு முன் மருந்து உள்ளே சென்று காத்திருக்க வேண்டும். எரிந்த பின் விழுங்குவது, வண்டி புறப்பட்ட பின் பயணச்சீட்டு வாங்குவது போன்றதாம். எட்டு வாரங்கள் காலையில் முறைப்படி உண்டேன். இரவுணவை முன்னதாக முடித்தேன். எரிச்சல் அடங்கியது. அறுவைக்கு என்று சென்றவன், அரை மணி நேரத்தைக் கற்றுக்கொண்டு திரும்பினேன்.

நாடு விட்டு நாடு சென்ற நிசன்

ஆனால் எல்லார்க்கும் இவ்வாறு முடிவதில்லை. மருந்து நீரின் புளிப்பைத்தான் மாற்றும். தளர்ந்த வாயிலைச் செப்பனிடாது. குனிந்தால் உண்டது வாய்க்கு வருகிறது என்பவருக்கு எரிச்சல் தணிந்தாலும் எதுக்களிப்பு நிற்பதில்லை. இத்தகையோர்க்கு வழி கண்டவர் ருடால்ப் நிசன் என்ற அறுவை மருத்துவர்.

அவர் வாழ்வும் நம்மைப் போன்ற புலம்பெயர்ந்தோர் வாழ்வே. ஜெர்மனியில் பிறந்த யூதராகிய அவர், 1933-ஆம் ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் தாய்நாட்டை விட்டு வெளியேறி, துருக்கியின் இஸ்தான்புல் நகரில் பணி ஏற்றார். அங்கே 1930-களில், உணவுக் குழலின் அடிப்பகுதியில் ஆழ்ந்த புண் கொண்ட ஓர் இளைஞருக்கு அப்பகுதியை அறுத்து நீக்கி, குழலை இரைப்பையோடு இணைத்தார். இணைப்பு கசியாதிருக்கும் பொருட்டு இரைப்பையின் மடிப்பை அதைச் சுற்றிப் போர்த்தித் தைத்தார். ஆண்டுகள் பல கடந்த பின், அந்நோயாளிக்கு எதுக்களிப்பே இல்லை என்பது தெரிய வந்தது. கசிவுக்கு அஞ்சிப் போர்த்திய போர்வை, தளர்ந்த வாயிலுக்குப் புதிய காவலாக அமைந்துவிட்டது!

1939-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்ற நிசன், 1948-ஆம் ஆண்டில் விஞ்ஞானி ஐன்ஸ்டைனுக்கும் வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்தார். புடைத்திருந்த பெரு இரத்தக் குழாயைச் செல்லோபேன் தாளால் சுற்றிக் காத்தார். 1952-ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரை அடைந்தார். அங்கே 1955-ஆம் ஆண்டில் எதுக்களிப்பு நோய்க்கென்றே போர்வை முறையைக் கையாண்டு, மறு ஆண்டில் அதைப் பற்றி எழுதினார். இன்றும் அது நிசன் முறை என்றே வழங்குகிறது.

கிழித்த வயிறும் துளைத்த வயிறும்

நிசன் காலத்தில் வயிற்றை நீளக் கிழித்தே இதைச் செய்ய வேண்டியிருந்தது. காயம் ஆறப் பல வாரங்கள் ஆகும். ஆகவே மிகவும் துன்புற்றவரே துணிந்தனர். 1991-ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டு மருத்துவர் பெர்னார்ட் டாலமாக்ன் முதலியோர் நுண்துளை வழியே இதைச் செய்து காட்டியதும் நிலைமை மாறிற்று.

முறை இதுதான். நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்தி, வயிற்றில் கரியமில வாயுவைச் செலுத்தி, உள்ளே கை வைக்க இடம் உண்டாக்குவர். ஐந்து சிறு துளைகள் இடுவர். ஒவ்வொன்றும் 5 முதல் 10 மில்லிமீட்டர் அகலமே. ஒரு துளையில் காமிரா. மற்றவற்றில் மெல்லிய கருவிகள். திரையைப் பார்த்தபடியே மருத்துவர் வேலை செய்வார். மார்புக்குள் ஏறிய இரைப்பையைக் கீழே இழுப்பர். அகன்ற துவாரத்தைத் தைத்துக் குறுக்குவர். பின்னர் இரைப்பையின் மேற்பகுதியைக் குழலின் பின்புறமாகக் கொணர்ந்து சுற்றித் தைப்பர். முழுவதும் சுற்றுவது நிசன் முறை. முக்கால் பங்கு மட்டும் சுற்றுவது, 1963-ஆம் ஆண்டில் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் தூப்பே பெயரால் வழங்கும் முறை.

நுண்துளை முறையில் பித்தப்பையை அகற்றும் சிகிச்சை நம் நாட்டில் முதன்முதலாக 1990-ஆம் ஆண்டில், பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியாவால் செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இத்துறையை வளர்த்தவர்களுள் தலையாயவர் கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் சி. பழனிவேலு. நாமக்கல் வட்டாரத்துச் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்த அவர், இளமையில் மலேசியாவில் கூலி வேலை செய்தவர். பின்னர் தாயகம் திரும்பி, விட்ட படிப்பைத் தொடர்ந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். உணவுக் குழலில் புற்றுநோய் கண்ட 130 பேருக்கு, அவர்களைக் குப்புறப் படுக்க வைத்து மார்பில் இட்ட துளைகளின் வழியே செய்த சிகிச்சையைப் பற்றி அவர் குழுவினர் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் கவனிக்கப்பட்டது. பிழைப்புக்காகக் கடல் கடந்த ஒரு தமிழர் எட்டிய உயரம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கதன்றோ?

366 பேரின் கதை

சிகிச்சை எளிதாகிவிட்டது என்பதால், நெஞ்சு எரிவோர் அனைவரும் அதை நாடலாமா? அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்க்கான மருத்துவமனைகளில் நடந்து, 2019-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு விடை தருகிறது. மருந்துக்கு அடங்காத நெஞ்செரிச்சல் என்று அனுப்பப்பட்டவர் 366 பேர். அவர்களுக்கு முதலில் ஒமிப்பிரசோலை நாள்தோறும் இருவேளை, இரண்டு வாரங்கள், முறைப்படி உண்ணச் செய்தனர். அதிலேயே 42 பேருக்கு எரிச்சல் தணிந்துவிட்டது! என் இனத்தார் அவர்கள். பிறகு சோதித்தபோது, 23 பேருக்கு உணவுக் குழலில் வேறு நோய் இருந்தது. 99 பேருக்கு எரிச்சல் இருந்தும் அதற்கு அமிலம் காரணமாகத் தோன்றவில்லை. சோதனைகளை முடிக்காதவர்களும், வேறு காரணங்களால் விலக்கப்பட்டவர்களும் போக, எஞ்சியவர் 78 பேரே.

அந்த 78 பேரில் 27 பேருக்கு நுண்துளைச் சிகிச்சை செய்தனர். 18 பேர் ஓராண்டின் முடிவில் நல்ல பயன் பெற்றிருந்தனர். கூடுதல் மருந்துகள் பெற்ற 25 பேரில் பயனடைந்தவர் 7 பேர். பழைய மருந்தையே தொடர்ந்த 26 பேரில் 3 பேர். தகுந்தவரைத் தேர்ந்தெடுத்தபோது அறுவை வென்றது. தேராமல் 366 பேருக்கும் செய்திருந்தால் எத்தனை பேர் வீணாக அறுபட்டிருப்பர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மருந்தால் நலம் பெறுவோருக்கு அவசரமில்லை என்பதற்கும் சான்று உண்டு. ஐரோப்பாவின் 11 நாடுகளில் 554 பேரிடம் நடந்த ஆய்வு 2011-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், மருந்துண்டோரில் நூற்றுக்கு 92 பேரும், அறுவை செய்துகொண்டோரில் நூற்றுக்கு 85 பேரும் நோய் அடங்கியிருந்தனர். ஸ்வீடனில் 2005 முதல் 2014 வரை நுண்துளைச் சிகிச்சை பெற்ற 2,655 பேரைத் தொடர்ந்து கவனித்ததில் 470 பேருக்கு எதுக்களிப்பு மீண்டும் வந்தது. எனவே "ஒருமுறை தைத்தால் ஆயுளுக்கும் போதும்" என்று எவரேனும் உறுதி கூறினால் அப்படியே நம்பிவிட வேண்டா.

தமக்கையார் கேட்ட கேள்வி

என் தமக்கையாரின் கணவருக்கு நேர்ந்தது வேறு. அவருக்கு மருந்து முறைப்படி உண்டும் எதுக்களிப்பு நிற்கவில்லை. இரவில் சாய்வு நாற்காலியில் அமர்ந்தே உறங்குவார். உள்நோக்கிக் குழாயை வாய் வழியே செலுத்திப் பார்த்ததில் குழல் புண்ணாகியிருந்ததும், இரைப்பை மேலேறியிருந்ததும் தெரிந்தன. அதன் பின்னும் இரு சோதனைகள் நடந்தன. மூக்கின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, உணவுக் குழலின் தசை எவ்வளவு வலுவுடன் உணவைத் தள்ளுகிறது என்று அளந்தனர். தள்ளும் வலிமை இல்லாத குழலைச் சுற்றி இறுக்கித் தைத்தால் உணவு இறங்காமலே போய்விடும் அன்றோ? இச்சோதனையை ஒருபோதும் தவிர்க்கலாகாது. மற்றொன்று, மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே நிறுத்தி, அமிலம் எத்தனை முறை ஏறுகிறது என்று 24 மணி நேரம் பதிவு செய்வது. அப்பதிவுப் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டே அவர் கடைக்குச் சென்று கணக்கு எழுதினார்.

"தம்பி, வயிற்றைக் கிழிப்பார்களா? உயிருக்கு ஆபத்து உண்டா?" என்று தமக்கையார் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். "அக்கா, ஐந்து துளைகள்தாம். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன், தேர்ந்தவர் கையில் மிகக் குறைவு" என்றேன். இந்நகரிலேயே ஒரு மருத்துவமனையில் சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் வீடு திரும்பினார். முதல் இரண்டு வாரங்கள் கஞ்சியும், குழைந்த சாதமும், வடிகட்டிய ரசமுமே உணவு. விழுங்குவது சில வாரங்கள் சற்றுக் கடினமாக இருந்தது. ஏப்பம் எளிதில் வருவதில்லை. விருந்துண்டால் வயிறு உப்புகிறது. இவை இச்சிகிச்சையில் எதிர்பார்க்கத் தக்கவையே என்று முன்னரே சொல்லியிருந்தமையால் அவர் கலங்கவில்லை. அவர் பாயில் மல்லாந்து படுத்து விடியுமளவும் உறங்கிய முதல் இரவில், தமக்கையார் இருமுறை எழுந்து அவர் மூச்சு வருகிறதா என்று பார்த்தாராம். படுத்து உறங்கிய கணவரைக் கண்டு எத்தனை ஆண்டுகள் ஆயினவோ!

துளையும் இன்றி வாய் வழியாகவே இரைப்பையை மடித்துப் பிணைக்கும் முறையும், காந்த மணிகள் கோத்த சிறு வளையத்தைக் குழலைச் சுற்றி அணிவிக்கும் முறையும் உள்ளன. பின்னதற்கு அமெரிக்க அரசு 2012-ஆம் ஆண்டில் அனுமதி அளித்தது. இரைப்பை பெரிதும் மேலேறியவர்க்கு வாய் வழி முறை மட்டும் போதாது. எது பொருந்தும் என்பதைச் சோதனைகளே சொல்லும்.

இல்லத்தார் செய்ய வேண்டியவை

இரவுணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரமாவது விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டைகள் வைத்து அரையடி உயர்த்துங்கள். தலையணைகளை அடுக்குவது அதற்கு ஈடாகாது. இடப்பக்கமாகப் படுப்பது நல்லது. உடற்பருமனைக் குறையுங்கள், புகையிலையை விடுங்கள். விழுங்குவதில் தடை, காரணமின்றி உடல் மெலிதல், இரத்த வாந்தி, கருநிற மலம் ஆகிய நான்கில் ஒன்று தோன்றினாலும் கடை மாத்திரையை நம்பாமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். மார்பு இறுகி, வியர்த்து, தோளுக்கோ தாடைக்கோ வலி பரவினால் அதை இதய நோய் என்றே கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

நம் தாய்மார்கள் பலர் மருத்துவரிடம் கன்னடத்தில் எடுத்துரைக்க இயலாமல், "காஸ்ட்ரிக்" என்று மட்டும் சொல்லி வந்துவிடுகின்றனர். அவர்களுக்காகச் சில சொற்கள்: நெஞ்செரிச்சலுக்கு "எதெ உரி", நெஞ்சு வலிக்கு "எதெ நோவு", புளியேப்பத்திற்கு "ஹுளி தேகு", விழுங்கச் சிரமம் என்பதற்கு "நுங்கலு கஷ்ட". எரிச்சல் வேறு, வலி வேறு. அந்த ஒரு சொல் வேறுபாட்டில் ஓர் உயிரே தங்கியிருக்கலாம்.

திருக்குறளில் மருந்து என்னும் 95-ஆம் அதிகாரம், மருந்தைப் பற்றிப் பேசுவதைவிட உண்ணும் அளவைப் பற்றியும், நோயின் காரணத்தை ஆராய்வதைப் பற்றியுமே மிகுதியாகப் பேசுகிறது. இன்றைய காமிராவும் கம்பியும் செய்வதும் அவ்வாராய்ச்சியையே. காரணம் அறிந்தபின் மாத்திரை போதும் என்றால் மாத்திரை. துளை வேண்டும் என்றால் துளை. அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது "காஸ்ட்ரிக்" என்ற சொல்லை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். எங்கே எரிகிறது, எப்போது எரிகிறது, மாத்திரையை எப்போது விழுங்குகிறோம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அச்சிறு தாளே சிகிச்சையின் முதற்படி.